வீட்டில் கை வைத்த வண்டி

மெக்கானிக் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வார்த்தையில் முடிக்கத் தெரிந்தவனாக இருந்தால் எனக்கு வாடிக்கைக்காரர்களோடு இத்தனை சண்டை வந்திருக்காது. அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும். பொறுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இந்தத் தாளைப் பிளக் சுற்ற வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு என்ன, கம்ப்யூட்டரைச் சொருகினால் வண்டி தன் வியாதியைத் தானே எண் போட்டுச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் உங்களை விடாது. அதை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, செல்போனில் வீடியோ பார்த்து, தானே பிரித்து மாட்டுகிற ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. முக்கால் வண்டியை உருட்டிக்கொண்டும் மீதிக் கால்வாசியைப் பையில் போட்டுக்கொண்டும் உங்கள் கடைக்கு வருவார்கள். அந்த ஆட்களை எப்படி வரவேற்பது என்பது பற்றித்தான் சொல்லப்போகிறேன். இதில் எனக்கு முப்பது வருஷ அனுபவம். முப்பது வருஷமும் தப்பாகவே வரவேற்றேன்.

பாளையங்கோட்டையில் என் கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். தகரப் பலகை, மஞ்சள் பெயிண்டில் நானே எழுதியது. ‘வீட்டில் கை வைத்த வண்டிகள் இங்கே எடுக்கப்படாது.’ எழுத்து கொஞ்சம் கோணல். கருத்து மட்டும் நேராக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். வாத்தியார்மார், குமாஸ்தாமார் நிறைந்த ஊர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண் அசந்து எழுந்ததும் ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு கார்புரேட்டர் பக்கம் உட்கார்ந்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் என் கடை வாசலில் வரிசை நிற்கும்.

பலகை போட்டதும் வரிசை குறையவில்லை. ஒன்று மட்டும் மாறியது. “கை வச்சீரா?” என்று கேட்டால், “ஐயோ, தொடவே இல்ல அண்ணாச்சி” என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். திருகாணியின் தலையில் புதுக் கீறல் பளபளக்கும், கையில் கிரீஸ் இருக்கும், வாயில் மட்டும் ஒன்றும் இராது. ஊரையே பொய் சொல்லப் பழக்கிவிட்டு, பொய் சொல்கிறார்கள் என்று நான் எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன்.

கடையை மைத்துனன் மகனிடம் விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது கூடவே வந்தது டூல்ஸ் பையும் அந்தப் பலகையும்தான். கடைக்கு இனி அது வேண்டாம் என்று பையன் மரியாதையாகச் சொல்லிவிட்டான். வீட்டில் அதை எங்கே மாட்டுவது? முற்றத்தில் மல்லாக்கப் போட்டு, நட்டு போல்ட்டு வைக்கிற தட்டாக்கினேன். ஏனென்றால் கடையை விட்டேனே தவிரத் தொழிலை விடவில்லை. தெரிந்தவர்கள் பழைய ஸ்கூட்டர்களை வீட்டுக்கே கொண்டு வந்தார்கள். வீட்டில் வண்டியில் கை வைக்கக் கூடாது என்று முப்பது வருஷம் கத்தியவன், அந்த வாசகத்தின் மேலேயே நட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு வீட்டில் கை வைத்தேன். என் வீட்டுக்காரி ஒரு நாள் அதைக் குனிந்து வாசித்துவிட்டு, “இது யாருக்கு எழுதுனது?” என்று கேட்டாள். வேலையாக இருக்கிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. தினமும் காலையில் மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் உட்காருவேன். கடை இல்லாத மெக்கானிக்கைத் தேடி யாராவது வந்து சந்தேகம் கேட்டால் உச்சி குளிர்ந்துவிடும். கேட்டவருக்குப் பதில் சொல்வதைவிட, பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கும்படி சொல்வதில்தான் கவனம் இருந்தது. இதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

இனி ஞானராஜ் கதை. அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போனது. கம்பு ஊன்றித்தான் நடப்பார். அவருடைய ஸ்கூட்டர் பழைய டூ ஸ்ட்ரோக். இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்து அவர் உடம்புக்கு ஏற்ற மாதிரி மாற்றியது. வலது காலால் உதைத்து ஸ்டார்ட் செய்வார். பஸ் படி அவருக்கு மலை. ரயிலில் போனாலும் இறங்கிய பிறகு நடக்க வேண்டும். புது வண்டிக்கு எழுதிப் போட்டிருந்தார், பக்கச் சக்கரம் வைத்து வர மாதக் கணக்காகும் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை அந்த ஸ்கூட்டர்தான் அவருக்குக் கால்.

பத்தொன்பது வருஷம் காத்திருந்து அவருக்கு உதவியாளராகப் பதவி உயர்வு வந்தது. கூடவே ஸ்ரீவைகுண்டத்துக்கு மாற்றலும் வந்தது. பாளையங்கோட்டைக்குள் மூன்று கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி, இப்போது தினமும் முப்பது போய் முப்பது வர வேண்டும். போன முதல் வாரமே நடு ரோட்டில் நிற்க ஆரம்பித்துவிட்டது. சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தார்.

“ஓய்வெடுக்குத நேரத்துல தொந்தரவு குடுக்கேன் அண்ணாச்சி.”

“வண்டிக்கு என்ன?”

“ஊருக்குள்ள ஓடுனா ஒண்ணும் இல்ல. செய்துங்கநல்லூர் நெருங்குச்சின்னா மூச்சு முட்டுன மாதிரி இழுத்து இழுத்து நிக்குது. பைய இறங்கி, கம்பை ஊணிக்கிட்டு, பிளக்கைக் கழட்டித் துடைப்பேன். இஞ்சினை ஆற விடுவேன். கடைசியா சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, பெட்ரோல் இருக்கான்னு பாப்பேன். இருக்கும். மூடிட்டு உதைச்சா எடுத்துக்கிடும். கருங்குளம் தாண்டுனா மறுபடியும் இதே கதை. ஏழு மணிக்குக் கிளம்புனாலும் பத்தரை, பதினொண்ணுக்குத்தான் போய்ச் சேருதேன். பெட்ரோல் பத்தாமப் போயிரக் கூடாதுன்னு டேங்க் நிரம்ப ஊத்திட்டுப் போன அன்னைக்கு நாலு தடவை நின்னுச்சு.”

தம்பிமாரே, இந்தப் பேச்சை இன்னொரு தடவை வாசியுங்கள். வண்டியின் கோளாறு முழுக்க இதில் இருக்கிறது. இதற்கு மேல் எந்த மெக்கானிக்குக்கும் ஒரு வார்த்தையும் தேவையில்லை. என் காதில் விழுந்தது ‘பிளக்’, ‘ஆற விடுவேன்’ என்ற இரண்டு சொற்கள்தான். எனக்குத் தெரிந்த பேர்கள் வந்ததும் காதைத் திறந்தேன், மற்றதெல்லாம் குமாஸ்தாப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

“வீட்டுல கை வச்சீரா?” என்று கேட்டேன்.

மற்றவர்களைப் போல இல்லை அவர். “வச்சேன் அண்ணாச்சி. எது எது தொட்டேனோ எல்லாம் தேதி போட்டு இதுல எழுதிருக்கேன்” என்று ஒரு நோட்டை நீட்டினார். பழுப்பு அட்டை போட்ட, நூல் கட்டிய நோட்டு.

முப்பது வருஷத்தில் முதல் முறையாக ஒரு வண்டிக்காரர் உண்மையை எழுதியே கொண்டு வந்திருக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? “நோட்டை நீரே வச்சிக்கிடும்வே. எனக்கு வண்டியே சொல்லும்” என்றேன். சொன்ன விதம் எனக்கே பிடித்திருந்தது. அவர் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கார்புரேட்டரைக் கழற்றினேன். இடுக்கில் காற்று புகாமல் வைக்கிற பாக்கிங், கடையில் வாங்கியது இல்லை. ஏதோ கெட்டி அட்டையில் வெட்டியது. ஓரத்தில் தங்க நிறத்தில் ‘திருமண’ வரைக்கும் தெரிந்தது.

“யாரு கல்யாணம்வே இது?”

“மச்சினன் மக கல்யாணம் அண்ணாச்சி. அட்டை நல்ல கெட்டி.”

அதைத் தூக்கிக் காட்டி வீட்டுக்காரியையும் கூப்பிட்டுச் சிரித்தேன். ஞானராஜும் சிரித்தார். உண்மையில் அந்த பாக்கிங் முடி அளவு கூடக் காற்று விடாமல் உட்கார்ந்திருந்தது. அதைத் தூர எறிந்துவிட்டுக் கடைச் சாமான் போட்டேன். ஜெட்டை ஊதினேன், பிளக்கை மாற்றினேன், டியூனிங் வைத்தேன். பெட்ரோல் நன்றாக வருகிறதா என்று குழாயைக் கழற்றிப் பார்த்தேன். அருவி மாதிரி வந்தது. டேங்க் மூடி அப்போது எங்கே இருந்தது? பலகை மேல், ‘எடுக்கப்படாது’ என்ற சொல்லின் மேல் இருந்தது. வேலை செய்யும்போது மூடியைத் திறந்து வைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம்தானே. பிறகு வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தைச் சுற்றி நாலு சுற்று ஓட்டினேன். குதிரை மாதிரி ஓடியது. “போய்ட்டு வாரும், இனி நிக்காது” என்றேன்.

திங்கட்கிழமை மூன்று தடவை நின்றது.

சாயங்காலம் அவர் வந்து சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. வண்டி மேல் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை, என் மேல் கோபப்பட எனக்குப் பழக்கம் இல்லை. மிச்சம் இருந்தவர் ஞானராஜ்தான். “நடுவுல நீரு எதையோ திருகிருக்கீரு” என்றேன். அவர் இல்லை என்று மட்டும் சொன்னார். சூடானால் நிற்கிறது, ஆறினால் எடுக்கிறது என்றால் கோளாறு பிளக்குக்குத் தீ கொடுக்கிற காயிலில்தான் என்று முடிவு கட்டி, காயிலை மாற்றினேன். சைலன்சரைக் கழற்றி உள்ளே இருந்த கரியையும் எடுத்தேன். மறுபடியும் மைதானம், நாலு சுற்று, குதிரை. புதன்கிழமை இரண்டு தடவை நின்றது.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்தவர் உட்காரவில்லை, கம்பில் சாய்ந்தபடியே பேசினார். அவருடைய அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. கூப்பிட்டு வைத்து, “ஞானராஜ், திங்கட்கிழமையில இருந்து பத்து மணிக்குச் சீட்டுல இருந்தா சரி. இல்லன்னா பதவி உயர்வு வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் பழைய இடத்துக்கே போயிரும். உமக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்” என்று சொல்லியிருக்கிறார்.

“எழுதிட்டேன் அண்ணாச்சி” என்றார் ஞானராஜ். நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அவரே தட்டச்சு செய்தது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை, ஓரம் வெட்டினாற்போல் இருந்தது. பத்தொன்பது வருஷமாக ஊரார் விண்ணப்பங்களையும் விலகல் கடிதங்களையும் அடித்துக்கொடுத்த கை, தன்னுடையதையும் அதே சுத்தத்தோடு அடித்திருக்கிறது. கையெழுத்து மட்டும் இல்லை.

“இதை என்னத்துக்கு இப்பவே அடிச்சீரு?”

“கடைசி நேரத்துல அடிச்சா பிழை வரும்லா” என்றார்.

அதைக் கேட்டும் நான் நின்று யோசிக்கவில்லை, இன்னும் பெரிய ஸ்பானரை எடுத்தேன். சனியும் ஞாயிறும் இஞ்சினை முழுக்கப் பிரித்துப் போட்டேன். பிஸ்டன் நன்றாக இருந்தது. ரிங் நன்றாக இருந்தது. ஆயில் சீல் நன்றாக இருந்தது. இத்தனையும் நன்றாக இருந்தது எனக்குச் சந்தோஷம் தரவில்லை, அவமானமாக இருந்தது. ஒவ்வொன்றையும் இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிற மனிதன் வீட்டில் கை வைத்துக் கெடுத்தவனாக இருக்க முடியாதே என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதைத் துடைத்துப் போட்டுவிட்டு, நன்றாக இருந்த ரிங்கை எடுத்துவிட்டுப் புது ரிங் போட்டேன்.

காப்பி கொண்டு வந்த வீட்டுக்காரி, பலகை நிறையப் பரந்து கிடந்த சாமான்களைப் பார்த்தாள்.

“அந்த மனுசன் ஏதோ நோட்டு வச்சிருக்காரே, அதை வாங்கிப் பாத்தியளா?”

“நோட்டைப் பாத்தா வண்டி ஓடுமாக்கும்?”

“பாக்காமலும் ஓடலையே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நான் டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு ஞானராஜுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பன்னிரண்டு கிலோ இருக்கும் அந்தப் பை. வண்டி நின்றால் நானே பார்த்துக்கொள்கிறேன், நீர் இறங்கவே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர் முதல் நாள் மாலையே பெட்ரோல் நிரம்ப ஊற்றி வைத்திருந்தார். நடு வழியில் வீட்டுக்குத் திரும்பி ஓடும்படி டூல்ஸ் ஏதாவது மறந்துபோய்விட்டதா என்று இரண்டு தடவை கேட்டார். நான் எதையும் மறக்கிறவன் இல்லை என்றேன்.

கிருஷ்ணாபுரம் வரைக்கும் சங்கீதம். அதைத் தாண்டிச் செய்துங்கநல்லூர் நெருங்கும்போது, அவர் சொன்ன மாதிரியே, மூச்சு முட்டி, இழுத்து, இழுத்து, நின்றது. பக்கத்தில் வாழைத் தோட்டம். நான் இறங்கிப் பிளக்கைக் கழற்றினேன். தீ நன்றாக வருகிறது. பிளக் வறண்டு கிடந்தது. பெட்ரோல் வரவில்லை என்று அர்த்தம். குழாயைப் பிடுங்கிக் கையில் பிடித்தேன். சொட்டுக்கூட வரவில்லை. டேங்க் நிரம்ப இருக்கிறது, குழாயில் அடைப்பு இல்லை, பெட்ரோல் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. முப்பது வருஷ அனுபவமும் அந்த இடத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு மண்ணில் முட்டி போட்டிருந்தது.

ஸ்கூட்டர், லாரி, கோயிலுக்குப் போகிற வேன் என்று எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. அப்படியும் இப்படியும் ஊதி, உறிஞ்சி, தட்டிப் பார்த்ததில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. “ரிப்பேராண்ணே?” என்று ஒருவன் வண்டியை நிறுத்தாமலே கேட்டுவிட்டுப் போனான். பார்த்தால் தெரியவில்லையாக்கும் அவனுக்கு?

சும்மா நிற்க முடியாமல் ஞானராஜ் இறங்கினார். “ஒரு நிமிசம் அண்ணாச்சி, பெட்ரோல் இருக்கான்னு பாத்துருதேன்” என்றார். எனக்கு எரிச்சல். நேற்று நிரம்ப ஊற்றினவர் இன்று இருக்கா என்று பார்க்கிறாராம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சீட்டைத் தூக்கி மூடியைத் திருகிவிட்டார்.

‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். டேங்க் நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. அதே நொடி என் கையில் இருந்த குழாயிலிருந்து பெட்ரோல் கொட்டி முழங்கை வரை நனைத்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்கென்றே மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் தெரிந்துகொள்கிற விஷயம். ஊருக்குள் மூன்று கிலோமீட்டருக்கு அது இல்லாமலும் ஓடிவிடும்; தூரம் போனால் மூச்சு முட்டும். டேங்க் நிரம்ப இருந்தால் உள்ளே காற்று குறைவு, இன்னும் சீக்கிரமே முட்டும். மூடியைத் திறந்தால் சரியாகிவிடும். என் வீட்டில் மூடி எப்போதும் திறந்தே கிடந்தது.

“அந்த மூடியைத் தாரும்” என்றேன்.

துளை இருந்த இடத்தில் ஒரு பொட்டு ஈயம். கம்பெனியிலேயே அப்படித்தான் வந்தது என்று நம்பும்படி வழவழவென்று தேய்த்து விட்டிருந்தது. இத்தனை தடவை என் பலகை மேல் கிடந்தும் கண்ணில் படாமல் போனது அதனால்தான் என்று உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. கடைசியில் பிடித்துவிட்டேன் அல்லவா, வீட்டில் கை வைத்தவனை. “யாருவே இந்தக் காரியத்தைச் செஞ்சது?”

“நான்தான் அண்ணாச்சி.”

“எவன் சொல்லிச் செஞ்சீரு?”

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி என்னிடம் நீட்டினார். இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. தேதிக்குக் கீழே இப்படி: ‘மைலேஜ் குறைவு. டீக்கடையில் அண்ணாச்சியிடம் கேட்டேன். டேங்க் மூடித் துளை வழியாகப் பாதிப் பெட்ரோல் ஆவியாகப் போகிறது என்றார். ஈயம் வைத்து அடைத்தேன். அண்ணாச்சி சொன்னபடி.’

நினைவு வந்தது. டீக்கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். வாயில் வடை. இவர் வந்து மைலேஜ் பற்றிக் கேட்கிறார். ‘மூடியில ஒரு ஓட்டை இருக்கு பாத்தீரா, உம்ம பெட்ரோல்ல பாதி அது வழியாத்தான் ஆகாசத்துக்குப் போகுது. ஒரு பொட்டு ஈயம் வச்சு அடையும்’ என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். டீக்கு நல்ல துணையாக இருந்தது அந்தச் சிரிப்பு.

“அது வேடிக்கைக்குச் சொன்னதுவே” என்றேன். என் குரலே எனக்குச் சின்னதாகக் கேட்டது.

“நீங்க சிரிச்சிய. அதனால நானும் சிரிச்சேன்” என்றார். “ஆனா தொழில் விசயத்துல அண்ணாச்சி விளையாட மாட்டாவன்னு நெனச்சேன்.”

“இதை முதல் நாளே சொல்லக் கூடாதா?”

“நோட்டைத் தந்தேன்லா அண்ணாச்சி. அதோட, வீட்டுல நானாக் கை வச்சதுலதான் தப்பு இருக்கும். இது நீங்க சொல்லிச் செஞ்சது. இதுல தப்பு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.”

இதில் ஒரு பொட்டுக்கூடக் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். என்னோடு மல்லுக்கு நின்ற வாடிக்கைக்காரர்கள் எத்தனையோ பேர். என்னை முழுசாக நம்பின ஒருவருக்குப் பத்தொன்பது வருஷக் காத்திருப்பு என் வாயால் போகப் பார்த்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதை வேறு எந்தச் சொல்லாலும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மணி ஒன்பது தாண்டிவிட்டது. பன்னிரண்டு கிலோ டூல்ஸில் பிளக் ஸ்பானரைத் தவிர ஒன்றுமே தேவைப்படவில்லை. பிளக்கையும் குழாயையும் மாட்டினேன். மூடியை முழுக்க இறுக்காமல் அரைத் திருகு விட்டு, பெட்ரோல் தெறிக்காமல் என் தோள் துண்டை அதைச் சுற்றிக் கட்டினேன். இத்தனை நாளில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். “உதையும்” என்றேன். ஒரே உதை.

செய்துங்கநல்லூர் போனது. கருங்குளம் போனது. எனக்கு வண்டிச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. புதுக்குடியில் திரும்பிப் பாலத்தில் ஏறியபோது, கீழே ஆறு போகிறதா, வெயில் அடிக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. அலுவலக வாசலில் நின்றபோது பத்து மணிக்கு எட்டு நிமிஷம் இருந்தது.

இறங்கி, துண்டை அவிழ்த்து, மூடியைச் சரி செய்ததில் அவர் கையெல்லாம் பெட்ரோல். நோட்டுக்குள் இருந்த அந்தத் தாளை எடுத்தார். இரண்டு கையையும் அதில் நன்றாகத் துடைத்துக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். ஒரு பிழை இல்லாத தாள்.

உள்ளேயிருந்து வந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பரவாயில்லையே. இவுக யாரு?”

“இவுகதான் சார் வண்டியைச் சரி பண்ணினது” என்றார் ஞானராஜ். அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல மெக்கானிக் கிடைப்பது இந்தக் காலத்தில் கஷ்டம் என்றும் சொன்னார். ஆமாம், கஷ்டம்தான் என்றேன்.

அதிகாரி உள்ளே போனதும், “நோட்டை எடும்வே. இன்னைக்கு நடந்ததை எழுதும். என் தப்புன்னே எழுதும்” என்றேன். அவர் வண்டி சீட்டின் மேல் நோட்டை வைத்து நிதானமாக எழுதினார். பத்து மணிக்கு இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. எழுதி முடித்து என்னிடம் காட்டினார்.

‘மூடித் துளையைத் திறக்க வேண்டும். அதுவரை மூடியைத் தளர்த்தி ஓட்டலாம். வண்டி சரியாகிவிட்டது. அண்ணாச்சி சொன்னபடி.’

டூல்ஸ் பையைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வீடு வந்தேன். என்ன கோளாறு என்று வீட்டுக்காரி கேட்டாள், சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. அன்று சாயங்காலமே ஞானராஜ் வீட்டுக்குப் போய்த் துளையைத் திறந்து கொடுத்தேன். மறுநாளிலிருந்து இன்று வரை அந்த வண்டி வழியில் நின்றதாகத் தகவல் இல்லை.

தம்பிமாரே, பிரித்த வண்டியோடு வருகிறவர்களைத் திட்டாதீர்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவேன் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். திட்டினாலும் பரவாயில்லை, பொய் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். நீங்கள் டீக்கடையில் சொல்வதை யார் வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள் என்று பாருங்கள். பலகையை நான் மஞ்சள் பெயிண்ட் போக உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்டேன். இப்போது அது வெறும் தட்டு.

இப்போதெல்லாம் ஞானராஜ் வந்தால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் நோட்டை வாங்கிக்கொள்கிறேன். போன வாரம் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து முழுக்க வாசித்தேன். ‘அண்ணாச்சி சொன்னபடி’ என்று முடிகிற வரிகள் அதில் இன்னும் பதினேழு இருக்கின்றன. அவற்றில் எதையெல்லாம் வேடிக்கைக்குச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.